பழைய காருக்குப் பின்பக்கப் பட்டை வாங்கப் போகிறீர்களா?

(நமது மைசூர் நிருபர்)

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே, நூற்றொரு கணபதி கோயில் இருக்கும் அக்ரஹாரம் பகுதியில் காலை வேளையில் சற்று நின்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். புதுக் கார்கள் இத்தனை பெருகிவிட்ட காலத்திலும் அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி போன்ற வண்டிகள் அடியோடு மறைந்துவிடவில்லை. ராமானுஜ ரோட்டிலும் வாணி விலாஸ் ரோட்டிலும் அவ்வப்போது ஒன்று தென்படத்தான் செய்கிறது. அவற்றில் சில, ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமந்தவன் நடப்பதைப் போல, பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்தே போகின்றன.

இத்தகைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழம்பொருள் சேர்க்கும் சீமான்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஓய்வு பெற்ற குமாஸ்தா, ஆலைத் தொழிலாளி, சமையல் காண்ட்ராக்டர், சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவர் என்று மாதாமாதம் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற ஆசாமிகளே அதிகம். அவர்களில் நம்மவர்களும் நிறைய உண்டு. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வர இந்த வண்டிதான்.

சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம் என்று போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள். குண்டல்பேட்டை, பந்திப்பூர் என்று ஊட்டிப் பக்கம் போனாலும் காடும் மலையும்தான். இரண்டு வழியிலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பின் சீட்டில் நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை, மேலே படுக்கை. இந்த நிலையில் வளைவில் ஒரு பட்டை முறிந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கட்டுரையின் அவசியம் விளங்கும்.

பழைய காரின் பின்பக்கச் சாமான்களைப் பழசாக வாங்கலாமா, கூடாதா? அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பின்பற்றும் முறையை ஒரே வரியில் அடக்கிவிடலாம். எஃகைப் பழசாக வாங்கலாம். ரப்பரையும் எண்ணெயையும் மரையையும் பழசாக வாங்கக் கூடாது. அதன் காரண காரியங்களைக் கீழே பார்ப்போம்.

பட்டை செய்யும் வேலை

மெக்கானிக்குகள் பட்டை என்றும் கடைக்காரர்கள் லீஃப் ஸ்பிரிங் என்றும் சொல்வது, வில்லைப் போல வளைத்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டு வளையமாக இருக்கும். இதைக் கண் என்பார்கள். முன் கண் வண்டியின் சட்டத்தோடு ஒரே இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். பின் கண்ணோ ஷேக்கிள் என்னும் ஊசலில் தொங்கும். பாரம் ஏறியதும் வளைவு நிமிர்ந்து பட்டை நீளுமல்லவா? அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊசல்.

அடுக்கை நடுவில் துளைத்துச் சேர்ப்பது சென்டர் போல்ட். அடுக்கையும் பின் ஆக்ஸிலையும் இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள்.

பலரும் பட்டையின் வேலை பாரம் தாங்குவது மட்டுமே என்று நினைக்கிறார்கள். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பின் ஆக்ஸிலை அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் இந்தப் பட்டைகளே. எஞ்சின் தள்ளும் விசையையும் பிரேக் போடும்போது ஏற்படும் முறுக்கையும் இவைதாம் ஏற்கின்றன. ஆகவே மெயின் பட்டை உடைந்தால் வண்டி தாழ்வதோடு நிற்காது. ஆக்ஸிலே ஒருபுறம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். மலைப்பாதையில் இதைவிட ஆபத்து வேறில்லை.

ஏன் பழசைத் தேட வேண்டியிருக்கிறது?

புதிதாகவே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கம்பெனிச் சாமான் கிடைத்தால் அதுவே உத்தமம். ஆனால் கம்பெனிகளே இல்லையே!

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியிலிருந்து வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்து வந்தது. 2014 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை வேலையை நிறுத்தியது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவுக்கு விற்றுவிட்டார்கள். இத்தாலிய ஃபியட் 1100 வழிவந்த பத்மினியைப் பம்பாய் குர்லாவில் தயாரித்த பிரீமியர் கம்பெனி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே அதை நிறுத்திவிட்டது. மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது.

பழைய சாமான் வரத்தும் குறைந்துகொண்டே வருகிறது. கொல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு வயது வரம்பு வந்ததிலிருந்து மஞ்சள் அம்பாசிடர்கள் கூட்டம் கூட்டமாக உடைக்கப்பட்டன. மும்பையில் 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியோடு பத்மினி டாக்ஸிகள் சாலையை விட்டே போய்விட்டன. இப்படி உடைத்த வண்டிகளின் சாமான்கள் கொஞ்ச காலம் கடைகளில் புழங்கும், பிறகு வற்றிவிடும். சரக்கு அருகும்போதுதான் தில்லுமுல்லும் பெருகும். வாங்குகிறவர் முன்னைவிட அதிகம் விழிப்பாக இருக்க வேண்டிய காலம் இது.

கடையில் மூன்று ரகம்

முதல் ரகம், உடைத்த வண்டியிலிருந்து கழற்றி அப்படியே விற்பது. இரண்டாவது, தாழ்ந்துபோன பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் மறுபடி வளைத்துக் கட்டியது. மூன்றாவது, சிறு தொழிற்சாலைகளில் புதிதாக அடித்த நகல்.

மூன்றையும் ஒன்றாகக் கலந்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள். "பன்னி சார், நோடி, ஒரிஜினல்!" என்று அழைப்பு வரும். பெயிண்ட் மினுமினுப்பாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பழைய எஃகின் குணதோஷம் எல்லாம் அதன் மேற்பரப்பில்தான் தெரியும். துரு, விரிசல், சம்மட்டித் தழும்பு மூன்றையும் மறைக்கப் பெயிண்டைப் போல மலிவான சாதனம் வேறில்லை. துருப்பிடித்துக் கிடக்கும் பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாம். பெயிண்ட் அடித்ததைச் சுரண்ட விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடை பார்ப்பதே நல்லது.

முதலில் சொந்த வண்டியை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டு வாசலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில், ஆள் ஏற்றாமல், நாலு டயரிலும் சரியாகக் காற்று அடித்து நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளவெடுங்கள். இடது, வலது, முன், பின் என நாலு அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின் இடது தாழ்ந்திருந்தால் உடனே இடது பட்டை போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அம்பாசிடரில் முன்பக்கம் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிகள் இருக்கின்றன. முன்னே ஒன்று தளர்ந்தாலும் பின்னால் சாய்வு காட்டும். முன்பக்கத்தை நடுவில் ஜாக்கி வைத்துச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். பின்பக்கம் சமமாகிவிட்டால் கோளாறு முன்னே, சமமாகாவிட்டால் பட்டையில்தான். இந்த ஐந்து நிமிடச் சோதனை, தேவையற்ற பட்டை வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

இன்னொரு அளவும் வேண்டும். முன் சக்கர நடுப்புள்ளிக்கும் பின் சக்கர நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் கணிசமாக வேறுபட்டால், பெரும்பாலும் சென்டர் போல்ட் தலை வெட்டுண்டு ஆக்ஸில் நகர்ந்திருக்கும்.

பட்டையின் விவரங்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தகடு, அகலம் என்ன, ஒவ்வொன்றின் கனம் என்ன, கண்ணுக்குக் கண் நீளம் எவ்வளவு, முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை எவ்வளவு, கண்ணின் துளை எவ்வளவு. ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பட்டை மாறும். அம்பாசிடர் பட்டை கொடுங்கள் என்று வாயால் கேட்பவருக்குக் கிடைப்பது ஒன்று. சீட்டைக் காட்டிக் கேட்பவருக்குக் கிடைப்பது வேறு.

கடையில் செய்ய வேண்டிய நாலு சோதனை

நம் ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்காமல், சுழியைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பட்டைக்கும் அப்படியே.

ஒன்று, ஜோடி. இடதுக்கும் வலதுக்கும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாகவே வாங்குங்கள். ஒன்று மட்டும் மாற்றினால் புதியது விறைப்பாகவும் பழையது தளர்ச்சியாகவும் இருந்து, வளைவில் வண்டி ஒருபுறம் சாயும். சில கடைகளில் ஒரு வண்டியின் மெயின் பட்டையோடு வேறு வண்டியின் துணைப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குட்டு வெளிப்படும். தகடுகளின் அகலம் ஒன்றுபோல் இருக்காது. அடுக்குகளுக்கு நடுவே ஒளி தெரியும்.

இரண்டு, வளைவு. மெயின் பட்டையின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் நடுவில் உள்ள சென்டர் போல்ட்டுக்கும் இடையே உள்ள ஆழத்தை அளவுகோலால் பாருங்கள். இரண்டு பட்டைக்கும் இந்த ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஆழமாகவும் மற்றது தட்டையாகவும் இருந்தால், அது ஜோடி அல்ல.

மூன்று, ஓசை. பானை வாங்குகிற பெண்மணி தட்டிப் பார்ப்பதைப் போல, தகட்டைத் தனியாகத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டுங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது சொத்தென்று ஒலிக்கும். கட்டிய அடுக்கைத் தட்டினால் ஒன்றும் தெரியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஓசை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மயிரிழை விரிசல் ஓசையில் தப்பிவிடும். அதற்குத்தான் அடுத்த சோதனை.

நான்கு, மண்ணெண்ணெயும் சாக்கட்டியும். சந்தேகமுள்ள இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் நனைத்துச் சிறிது நேரம் விடுங்கள். பிறகு துணியால் ஈரமில்லாமல் துடைத்துச் சாக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். இது விளையாட்டு வேலை அன்று. அல்ட்ராசானிக் கருவிகள் வருவதற்கு முன், ரயில்வே பட்டறைகளில் அச்சுகளின் விரிசலைக் கண்டுபிடித்தது இந்த எண்ணெய், சுண்ணாம்பு முறையினால்தான்.

எங்கே சோதிப்பது? சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும், கண் சுருளும் வளைவிலும், துரு குழிவிழுந்த இடங்களிலும். பட்டைகள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் முறிகின்றன. அடுக்கைப் பிரித்ததும், ஒரு தகட்டின் முனை அடுத்த தகட்டில் உரசிப் பள்ளம் பறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அந்தத் தகடு வேண்டாம்.

வெல்டிங் செய்த பட்டையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடுகிறது. தட்டையான சாலையில் பத்து நாள் ஓடும். பதினோராம் நாள் பள்ளத்தில் விழுந்ததும் முறியும்.

மறுபடி வளைத்த பட்டை: நெருப்புதான் முக்கியம்

பழைய பட்டையை மறுபடி வளைத்துக் கட்டுவது நல்ல சிக்கனம்தான். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான். ஆனால் இதில் இரண்டு விதம் உண்டு.

முதல் விதம், பச்சையாக அடிப்பது. பட்டையைச் சூடாக்காமல் அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவை ஏற்றிவிடுகிறார்கள். அரை மணி வேலை. வண்டி உடனே நிமிர்ந்துவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும். எஃகின் உள்குணம் மாறாததால் சில மாதங்களில் பழையபடி தாழ்ந்துவிடும். அதைவிடக் கெடுதல், சம்மட்டித் தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒரு விரிசலுக்கு வித்து.

இரண்டாவது விதம், முறையாக நெருப்பு காட்டுவது. தகடுகளைத் தனித்தனியாகப் பிரித்து, உலையில் 850 முதல் 900 டிகிரி வரை சீராகப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வளைத்து, எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும். அப்படியே மாட்டினால் முறிந்துவிடும். ஆகவே மறுபடி 400 முதல் 500 டிகிரி சூட்டில் வைத்து எடுத்து, அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். பட்டறைப் பேச்சில் இதற்கு டெம்பர் என்று பெயர். எஃகுக்கு நெகிழ்ச்சியைத் திருப்பித் தருவது இந்த இரண்டாவது சூடுதான். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கு மேலும், சிறு எஃகு ரவைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குகிறார்கள். பட்டையின் ஆயுள் நீடிக்க இது மிகவும் உதவும்.

சிலர் உலையில் வைத்து வளைத்துவிட்டு, அப்படியே தரையில் ஆறப்போடுவார்கள். அது எஃகை மென்மையாக்கிவிடும். வேறு சிலர் சிவந்த பட்டையைத் தண்ணீரில் முக்குவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தகட்டைப் பிரித்துச் சூடு காட்டினீர்களா? எதில் தோய்த்தீர்கள்? இரண்டாவது சூடு கொடுத்தீர்களா? உலையும் எண்ணெய்த் தொட்டியும் இல்லாத பட்டறையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

தாழ்ந்த பட்டைக்கு எக்ஸ்ட்ரா ஒரு தகடு சேர்த்துக் கட்டுகிற வழக்கமும் இருக்கிறது. பாரவண்டிக்கு அது பொருந்தும். குடும்பக் காருக்கு அப்படிச் செய்தால் ஆளில்லாத நேரத்தில் வண்டி துள்ளும். அதிர்ச்சியெல்லாம் சட்டத்தில் உள்ள ஷேக்கிள் பிராக்கெட்டில் இறங்கும். பழைய வண்டியில் அந்த இடம் ஏற்கெனவே துருவேறி இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஷாக் அப்சார்பர்

பட்டை துள்ளலைத் தாங்குகிறது. துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருப்பது எண்ணெய். சிறு துளைகளின் வழியே எண்ணெய் புகுந்து செல்லும்போது ஏற்படும் தடையே அதன் பலம்.

வண்டியின் பின் மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் நலம். ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

குழாய் வடிவத்தில் உள்ள ஷாக் அப்சார்பரைப் பழசாகவோ ரீகண்டிஷன் செய்ததாகவோ வாங்குவது பெரும்பாலும் நஷ்டம். அது மூடி முத்திரையிடப்பட்ட சாமான். ரீகண்டிஷன் என்ற பெயரில் பலர் செய்வது, குழாயில் ஓட்டை போட்டு, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடிப்பதுதான். தேய்ந்த வால்வும் சீலும் அப்படியே இருக்கும். எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் ஊட்டிக் குளிரில் கெட்டியாகிவிடும். சமவெளி வெயிலில் நீர்த்துவிடும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை இழுத்து அழுத்திப் பாருங்கள். தடை முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக இறங்கும் இடம் இருந்தாலும், தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆரம்பகால அம்பாசிடர்களில் இருந்தது நெம்புகோல் போல் கை நீட்டிய ஷாக் அப்சார்பர். எண்ணெய் ஊற்றத் திருகு மூடி அதிலேயே இருக்கிறது. அதைப் பிரித்துச் சீல் மாற்றி முறையாகப் புதுப்பிக்க முடியும். அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்து வருவதுதான் குறை.

பழசாக வாங்கவே கூடாதவை

ரப்பர் புஷ், ஷேக்கிள் ரப்பர், பட்டைகளுக்கு நடுவே வைக்கும் பேட் ஆகியவற்றை எப்போதும் புதிதாகவே வாங்க வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வெடிக்கும். அதற்கு வயதே எதிரி.

யூ போல்ட், சென்டர் போல்ட், அவற்றின் நட்டுகள் ஆகியவையும் அப்படியே. ஒருமுறை முழுப் பலத்தோடு இறுக்கிய யூ போல்ட் சற்றே நீண்டுவிடும்; அதன் மரை மறுபடி அதே பிடிப்பைத் தராது. ஷேக்கிள் பின் மழமழவென்று இல்லாமல் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

இவை யாவும் சேர்ந்தாலும் பட்டையின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பட்டையைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பழைய போல்ட்டையே மாட்டச் சொல்வது, கல்யாணத்தை நடத்திவிட்டுத் தாலிக்கயிற்றில் மிச்சம் பிடிப்பது போலாகும்.

மாருதிக்காரர்களுக்கு

1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800-ல் பின்னால் பட்டைதான். 1986 முதல் வந்த மாடலில் சுருள் ஸ்பிரிங். ஆம்னி வேனில் கடைசிவரை பட்டைதான். ஆகவே கடையில் வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

சுருள் ஸ்பிரிங்கைப் பழசாக வாங்கலாம். ஜோடியாக, ஒரே உயரமாக, கடைசிச் சுற்றில் துரு அரிக்காமல் இருக்க வேண்டும். உயரத்தைக் குறைக்க ஒரு சுற்று வெட்டியதையோ, நெருப்பு வைத்து நிமிர்த்தியதையோ தொடாதீர்கள். ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகளில் வளைவோ வெல்டிங்கோ இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

எங்கே கிடைக்கும்? எப்படிக் கொண்டுவருவது?

நம் ஊரில் காயலான் கடை என்பதை இங்கே குஜரி என்கிறார்கள். மைசூரில் தேடிக் கிடைக்காவிட்டால் பெங்களூர் சிவாஜி நகர்க் குஜரியும், புதுச் சாமானுக்கு ஜே.சி. ரோடும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் பேர் போனவை. ஊருக்குப் போகும்போது அளவுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஒரே பயணத்தில் காரியம் முடியும்.

எங்கே வாங்கினாலும் "ரசீதி கொடி" என்று கேட்டு வாங்குங்கள். கடையின் பெயர், தேதி, சாமான் விவரம், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பவை அதில் இருக்கட்டும். திருட்டு வண்டிகளை உடைத்து விற்றதாகப் பேர் கெட்ட மீரட்டின் சோதி கஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் போலீசார் மூடினார்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தும் வாங்குவது குற்றம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு இதைப் பற்றியதே. முழு ஆக்ஸிலோடு வாங்குகிறவர்கள் இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ரயிலில் கொண்டுவருவோர் கவனத்துக்கு: இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் ஸ்லீப்பரில் 40 கிலோவும் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் கொண்டுவரும் சாமானுக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்ற அளவு வரம்பும் உண்டு. கார்ப் பட்டை ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வழியில் அபராதம் கட்டி வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. கோணியில் சுற்றிக் கட்டி, பெயர் விலாசம் எழுதி, வண்டி புறப்பட அரை மணிக்கு முன்னதாகவே லக்கேஜ் ஆபீசில் கொடுத்து பிரேக் வேனில் பதிவு செய்துவிடுங்கள். சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரசில் வருகிறவர்களுக்கும் இதே விதிதான்.

கணக்கு எப்படிப் போடுவது?

மாதச் சம்பளக்காரர்கள் பொதுவாகச் சாமான் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். கழற்றி மாட்டும் கூலியும், போக வரச் செலவும், வேலைக்கு லீவு போட்ட நாளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பச்சையாக அடித்த பட்டை ஆறு மாதத்தில் தாழ்ந்தால், அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும். அப்போது மலிவுப் பட்டை புதியதைவிட விலை உயர்ந்துவிடும். எனவே ஒழுங்கான பழைய ஜோடி முதலிடம். முறையாக நெருப்பு காட்டிய பட்டை இரண்டாமிடம். இரண்டும் கிடைக்காவிட்டால் பேர் தெரிந்த தயாரிப்பாளரின் புதிய பட்டை. பச்சை அடிக்குக் கணக்கில் இடமே இல்லை.

இன்னொரு செலவையும் எண்ண வேண்டும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இதற்கான கட்டணம் 1.4.2022 முதல் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கப்பட்டது. சாய்ந்து நிற்கும் வண்டி இன்ஸ்பெக்டரின் கண்ணில் முதலில் படும். பட்டை வேலையை அதற்கு முன்பே முடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

மாட்டும்போது

பட்டை மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கண் போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, பாரம் பட்டையில் ஏறிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் தடவிப் பாருங்கள். நூல் பிடித்து இருபுறத் தூரத்தையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். புதிய கட்டு உட்கார்ந்ததும் பிடிப்பு தளரும். இதைச் செய்யாமல் விட்டதால் சென்டர் போல்ட் வெட்டுண்ட வண்டிகள் ஏராளம். அந்த இறுக்கம் முடிகிறவரை நஞ்சன்கூடு வரை போய் வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திம்பம் மலையும் டிக்கி நிறைய அரிசியும் அதற்குப் பிறகுதான்.